பக்கவாதம் வந்தவர் வீட்டுக்கு வந்த பிறகு: நண்பர்களுக்கு எந்த வேலையைக் கொடுப்பது?

பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து, விழுங்கவும் முடியாமல் மூக்கில் டியூபோடு டிஸ்சார்ஜ் ஆகும் ஒருவரை, கணவனோ மனைவியோ தனி ஆளாகப் பார்த்துக்கொள்ள முடியாது. அன்பு எவ்வளவு இருந்தாலும் கணக்கு இடிக்கும். இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், அதாவது ஒரு நாளைக்கு 12 தடவை. டியூப் ஃபீட், அதாவது டியூப் வழியாகத் திரவ உணவு, ஆறேழு தடவை. இதற்கு நடுவே மாத்திரை, டயப்பர், வாய் சுத்தம், யூரின் பேக். முதல் வாரம் ஓட்டிவிடலாம். மூன்றாவது வாரம் பார்த்துக்கொள்பவரே கீழே விழுவார்.

"ஏதாவது வேணும்னா சொல்லுங்க அக்கா" என்று நண்பர்கள் சொல்வது மனதாரத்தான். ஆனால் தூக்கமில்லாத மனுஷியால் வேலையை யோசித்துப் பிரித்துக் கொடுக்க முடியாது. நண்பர்களில் ஒருவர் பொறுப்பெடுத்து வாட்ஸ்அப்பில் நேரடியாகக் கேட்க வேண்டும்: "மாப்ள, வியாழன் ராத்திரி பத்துல இருந்து ரெண்டு வரைக்கும் நீ பாத்துக்கிறியா?" நாள், நேரம், வேலை மூன்றையும் சொல்லிக் கேட்டால்தான் ஆள் வருவான். சொந்தபந்தங்களுக்குத் தகவல் சொல்வதும் அவர் வேலையாகவே இருக்கட்டும். ஒரே கதையை இருபது பேருக்குப் போனில் சொல்வதும் ஒரு நோய்தான்.

டியூப் ஃபீட் கொடுக்க இரண்டு மூன்று பேராவது பழகியிருக்க வேண்டும். டிஸ்சார்ஜுக்கு முன்பே வார்டு நர்ஸிடம் கேட்டு, அவர் பார்க்கச் செய்து காட்டிவிட்டு வருவது நல்லது. படுக்கையின் தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்துங்கள். டியூப் மூக்கைத் தொடும் இடத்தில் மார்க்கரால் போட்ட கோடு அதே இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கோடு வெளியே நகர்ந்திருந்தால் ஒரு சொட்டுகூடக் கொடுக்கக் கூடாது, டியூபை நீங்களே உள்ளே தள்ளவும் கூடாது. காற்றை அடித்து வயிற்றில் சத்தம் கேட்கிறதா என்று பார்க்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதை நம்ப வேண்டாம், டியூப் நுரையீரலில் இருந்தாலும் சத்தம் கேட்கும். 50 மில்லி சிரிஞ்சால் மெதுவாக இழுத்து, முந்தின ஃபீட் நிறையத் தேங்கி நிற்கிறதா என்று பாருங்கள். 200 மில்லிக்கு மேல் வந்தால் அந்த வேளையை நிறுத்திவிட்டு டாக்டரிடம் கேளுங்கள்.

முதலில் 30 மில்லி தண்ணீர். பிறகு 200 முதல் 250 மில்லி ஃபீட். சிரிஞ்சின் பிஸ்டனைக் கழற்றி, உயரப் பிடித்து, தானாக இறங்க விடுங்கள். 15, 20 நிமிடம் ஆகும். அவசரப்பட்டு அழுத்தினால் வாந்தி வரும், வாந்தி வந்தால் புரையேறும். முடிந்ததும் மறுபடி 30 மில்லி தண்ணீர். அதன் பிறகு குறைந்தது அரை மணி நேரம் தலை இறங்கக் கூடாது. புரட்டுவதையும் டயப்பர் மாற்றுவதையும் ஃபீடுக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். ராகிக் கஞ்சி ஆற ஆற இறுகி டியூபை அடைக்கும். நீர்க்கக் காய்ச்சி, துணியில் வடிகட்டித்தான் கொடுக்க வேண்டும். அடைத்துக்கொண்டால் வெதுவெதுப்பான தண்ணீரை வைத்து மெதுவாகத் தள்ளி இழுத்துப் பாருங்கள். கம்பி விடுவதோ முழு பலத்தோடு அழுத்துவதோ ஆபத்து.

மாத்திரைகளை மொத்தமாகப் பொடித்துக் கலக்க வேண்டாம். ஒவ்வொன்றாகக் கரைத்து, நடுவில் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள். பான்டோப்ரசோல் போன்ற பூச்சு மாத்திரையையும், பெயரோடு எஸ்.ஆர்., எக்ஸ்.எல். என்று வரும், மருந்தை மெதுவாக வெளிவிடும் மாத்திரையையும் பொடிக்கவே கூடாது. பூச்சுள்ள ஆஸ்பிரினும் இதில் சேர்த்திதான். பதிலுக்கு என்ன என்று டாக்டரிடம் கேளுங்கள். ஃபிட்ஸுக்காக ஃபெனிடாயின் கொடுக்கிறவர்கள், ஃபீடோடு சேர்த்துக் கொடுத்தால் மருந்து உடம்பில் சரியாக ஏறாது என்பதை நினைவில் வையுங்கள். எவ்வளவு இடைவெளி என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

வாயால் சாப்பிடாதவருக்கு எதற்குப் பல் தேய்க்க வேண்டும் என்று விட்டுவிடுவார்கள். பெரிய சறுக்கல் பல சமயம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. வாயில் பெருகும் கிருமி எச்சிலோடு நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா ஆகும். டியூப் இருந்தாலும் எச்சில் புரையேறத்தான் செய்யும். காலையும் இரவும் தலையை ஒருபக்கம் சாய்த்து, மென்மையான பிரஷ்ஷால் துடைத்தெடுங்கள். காய்ச்சல், தொண்டையில் களகளவென்ற சத்தம், மூச்சிரைப்பு, வழக்கத்துக்கு மாறான மயக்கத் தூக்கம், இவற்றில் எது வந்தாலும் பாராசிட்டமால் கொடுத்துக் காத்திருக்காமல் கூட்டிப் போங்கள். எல்லாம் ஒழுங்காகச் செய்த வீட்டிலும் நிமோனியா வரும். "நீ சரியா பாத்துக்கலையா?" என்று அந்த நேரத்தில் கேட்கிற உறவினரை வாசலிலேயே நிறுத்த ஒரு நண்பர் வேண்டும்.

படுக்கைப்புண்ணில் நம் ஊர்த் தோலுக்கு ஒரு சிக்கல் உண்டு. சிவந்தால் கவனி என்பார்கள், மாநிறத் தோலில் சிவப்பு தெரியாது. வால் எலும்பு, இடுப்பு எலும்பு, குதிகால் மூன்றையும் ஒவ்வொரு முறை புரட்டும்போதும் கையால் தொட்டுப் பாருங்கள். சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ, கருத்தோ இருந்தால் புண் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, அந்தப் பக்கம் படுக்க வைக்காதீர்கள். அங்கே தேய்த்து மசாஜ் செய்யவும் கூடாது. நடுவில் ஓட்டை உள்ள ரப்பர் வளையத்தை யாராவது வாங்கி வருவார்கள். அது விளிம்பில் அழுத்தி ரத்த ஓட்டத்தைக் குறைக்கும், ஓரமாக வைத்துவிடுங்கள். குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வையுங்கள். ஏர் பெட் வாங்கினாலும் புரட்டுவதை நிறுத்த முடியாது.

புரட்டும்போது செயலிழந்த கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டு நழுவும். முதுகுக்கும் இடுப்புக்கும் கீழே ஒரு பழைய போர்வையை மடித்துப் போட்டு, இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து ஒரே நேரத்தில் நகர்த்துங்கள். பார்த்துக்கொள்பவரின் முதுகும் தப்பிக்கும்.

யூரின் பேக் எப்போதும் இடுப்புக்குக் கீழே, ஆனால் தரையைத் தொடாமல் தொங்க வேண்டும். திடீரென்று யூரின் நின்றால் முதலில் யூரின் டியூப் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கால் மட்டும் வீங்கினால் ரத்தக்கட்டியாக இருக்கலாம், அந்தக் காலை நீவிவிடாமல் அன்றே காட்டுங்கள்.

ஃபிட்ஸ் வந்தால் ஃபீடை உடனே நிறுத்தி, ஒருபக்கமாகச் சாய்த்து, நேரத்தைக் குறியுங்கள். கையில் சாவியும் வேண்டாம், வாயில் ஸ்பூனும் வேண்டாம். 5 நிமிடம் தாண்டினால் 108.

மறுபடி அட்மிட் ஆகி வரும்போதெல்லாம் மருந்துச் சீட்டு மாறும். பழைய ஸ்ட்ரிப் டப்பாவிலேயே கிடந்து, ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் இரட்டிப்பாக உள்ளே போவது அடிக்கடி நடப்பது. ரத்தம் உறையாமைக்கான மருந்தில் இது நடந்தால் உயிருக்கே ஆபத்து. ஒரு நண்பர் இந்த ஒரு வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: பழையதை அகற்றி, கம்பெனிப் பெயராக இல்லாமல் மருந்தின் மூலப்பெயரோடு புதுப் பட்டியல் எழுதி, ஃபைலில் டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன், காப்பீட்டு அட்டையோடு வைப்பது.

பார்க்க வருகிறவர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வர வேண்டாம். அண்டர்பேடு, டயப்பர், 50 மில்லி சிரிஞ்ச், காஸ் துணி, இவற்றில் எது தீர்ந்தது என்று கேட்டு வாங்குங்கள். சளி இருந்தால் வரவே வேண்டாம். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் பற்றிக் கேளுங்கள். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்குப் பிசியோதெரபியும் வலியையும் அவதியையும் குறைக்கும் நோய்த்தணிப்புப் பராமரிப்பும் வீட்டுக்கே வரும். கேட்கப் போகிறவர் டிஸ்சார்ஜ் சம்மரி நகலைக் கையோடு எடுத்துப் போகட்டும்.