முதலில் தேதி, பிறகு பிரிவு: ராமநாதபுரம் கடற்கரை வழக்குகளில் இப்போது கவனிக்க வேண்டியவை

புதிய குற்றவியல் சட்டங்கள் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. கொலைக்கு 302 போய் 103 வந்தது, மோசடிக்கு 420 போய் 318(4) வந்தது என்ற பட்டியல் இந்நேரம் குமாஸ்தாக்களுக்கே மனப்பாடம். ஆனால் ராமநாதபுரத்திலோ ராமேஸ்வரத்திலோ திருவாடானையிலோ ஒரு வழக்கு சாய்வது பிரிவு எண்ணால் அல்ல. தேதியாலும், கோப்பில் இருக்க வேண்டிய ஒரு தாள் இல்லாமல் போவதாலும்தான்.

தேதிக் கணக்கு இது. தொண்டியில் ஜூன் 28, 2024 அன்று வலை திருட்டு, ஜூலை 3 அன்று எஃப்.ஐ.ஆர். என்று வைத்துக்கொள்வோம். குற்றம் பழைய தண்டனைச் சட்டத்தின் 379. புலன் விசாரணை மட்டும் புதிய நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். படி. அதே திருட்டுக்கு ஜூன் 30 அன்றே எஃப்.ஐ.ஆர். போட்டிருந்தால் விசாரணையும் பழைய நடைமுறைச் சட்டப்படியே தொடரும். அதற்குத்தான் பி.என்.எஸ்.எஸ். 531ஆம் பிரிவு. குற்றப்பத்திரிகையில் இரண்டையும் கலந்து போட்டிருந்தால், குற்றச்சாட்டு வனையும் கட்டத்திலேயே எழுப்ப வேண்டும். மேல்முறையீட்டில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவைக்கிற விஷயம் இல்லை இது.

புகார்தாரர் பக்கம் நிற்பவர்களுக்கு ஒன்று. ஸ்டேஷனில் மனு வாங்கவில்லை என்றால், பி.என்.எஸ்.எஸ். 173(4)ன் கீழ் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பிய ரசீது, உறுதிமொழி ஆவணம், இந்த இரண்டும் இல்லாமல் விசாரணைக்கு உத்தரவிடக் கேட்கும் 175(3) மனுவோடு நடுவரிடம் (மாஜிஸ்திரேட்) போகாதீர்கள். மனு திரும்பி வரும்.

இனி கைது. 2025 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் மிகிர் ராஜேஷ் ஷா வழக்கில் சொன்னதை ஒவ்வொரு ரிமாண்டிலும் கையில் வைத்திருக்க வேண்டும். எந்தக் குற்றமானாலும் கைதுக்கான அடிப்படைகளை எழுத்தில் தர வேண்டும், கைதானவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். கைது செய்யும் நேரத்தில் எழுத்தில் தர முடியாத சூழல் என்றால் வாயால் சொல்லலாம். ஆனால் நடுவர் முன் நிறுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரத்துக்கு முன்பாவது எழுத்தில் போய்ச் சேர வேண்டும். தவறினால் கைதும் ரிமாண்டும் சட்டவிரோதம்.

இங்கே இரண்டு இடத்தில் ஓட்டை விழும். முதலாவது, அச்சடித்த அரெஸ்ட் மெமோவில் "மேலும் குற்றம் செய்யாமல் தடுக்க", "சாட்சியைக் கலைக்காமல் இருக்க" என்று இருக்கும் வரிகள். அவை எல்லோருக்கும் பொருந்தும் பொதுக் காரணங்கள். அந்த ஆள் என்ன செய்தார் என்பதால் கைது என்பதே கைதுக்கான அடிப்படை. இந்த வித்தியாசத்தை 2024இல் பிரபீர் புர்காயஸ்தா தீர்ப்பே பிரித்துக் காட்டிவிட்டது. இரண்டாவது, நேரம். கடலில் படகை மறித்து, மண்டபத்துக்கோ ராமேஸ்வரத்துக்கோ கொண்டுவந்து, அங்கிருந்து ஸ்டேஷனில் ஒப்படைத்தால், கைது நேரமாக ஒப்படைத்த நேரத்தைத்தான் எழுதுவார்கள். படகில் இருந்த மற்றவர்களிடம் மறித்த நேரத்தைக் கேட்டு மனுவில் எழுதுங்கள். 24 மணி நேரக் கணக்கில் பயண நேரம் கழியும், அது சரி. ஆனால் ஜெட்டியில் உட்கார வைத்திருந்த நேரம் பயணம் ஆகாது.

இதை வென்றுவிட்டோம் என்று அதிகம் மகிழவும் வேண்டாம். அடிப்படைகளை எழுத்தில் கொடுத்துவிட்டு மீண்டும் காவல் கேட்க அதே தீர்ப்பு வழி வைத்திருக்கிறது. அப்படி மனு வந்தால் கூடுமானவரை ஒரு வாரத்துக்குள் நடுவர் முடிவு செய்ய வேண்டும்.

மின்னணுச் சாட்சியம்தான் இப்போது அதிகம் தடுக்கி விழும் இடம். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழை அப்படியே நகலெடுத்துத் தலைப்பை மட்டும் மாற்றித் தாக்கல் செய்கிறார்கள். புதிய சாட்சியச் சட்டமான பி.எஸ்.ஏ.வின் 63(4) கேட்பது வேறு. அட்டவணையில் இரண்டு பகுதிகள்: சாதனத்தை வைத்திருப்பவர் நிரப்புவது ஏ, நிபுணர் நிரப்புவது பி. கருவியின் வகை, தயாரிப்பு, மாடல், நிறம், சீரியல் எண், ஐ.எம்.இ.ஐ. போன்ற அடையாள எண் எல்லாம் எழுத வேண்டும். கூடவே ஹாஷ் மதிப்பும் (கோப்பின் கைரேகை மாதிரியான எண்ணெழுத்துக் கோவை), எந்த முறையில் எடுத்தது என்பதும் வேண்டும்.

படகு முதலாளிக்கும் கம்பெனிக்காரருக்கும் நடந்த வாட்ஸ்அப் பேச்சு, ஏலக்கூடத்தில் எடுத்த வீடியோ, படகின் ஜி.பி.எஸ். தடம், ஜெட்டி ஓரத்துக் கடையின் சிசிடிவி. நம் ஊர் வழக்குகளில் வருபவை இவைதான். கட்சிக்காரர் வீடியோவை உங்களுக்கு வாட்ஸ்அப்பில் வீடியோவாகவே அனுப்பினால் அது சுருங்கித்தான் வரும். சுருங்கிய கோப்பின் ஹாஷ் வேறு, அவர் போனில் இருக்கும் மூலத்தின் ஹாஷ் வேறு. எதிர்த்தரப்பு மூல போனைக் கேட்டால் அங்கேயே கதை முடிந்தது. போனைக் கொண்டுவரச் சொல்லி, கேபிள் போட்டு பென்டிரைவில் நகலெடுங்கள். விண்டோஸ் கணினியில் செர்ட்யூட்டில் (certutil) கட்டளையில் எஸ்.எச்.ஏ.256 என்று குறிப்பிட்டால் அந்த மதிப்பு 64 எழுத்தாக வரும். எம்.டி.5 என்றால் 32. எண்ணிப் பாருங்கள், தட்டச்சில் ஒரு எழுத்து விட்டுப்போனாலும் சான்றிதழ் செல்லாக்காசுதான். கையால் தட்டாமல் திரையிலிருந்து நகலெடுத்து ஒட்டுவது உத்தமம். ஹாஷ் எடுத்த பிறகு அந்தக் கோப்பைத் திருத்தி மறுபடி சேமிக்காதீர்கள்.

சிசிடிவியின் பதிவுக் கருவி (டி.வி.ஆர்.) பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிக்கொண்டு போகும். சம்பவம் நடந்த வாரத்திலேயே கடைக்காரருக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள். விசாரணையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் பார்க்க எதுவும் இருக்காது.

கடல் அட்டை வழக்குகள் தனி ரகம். வனவிலங்குப் பாதுகாப்புத் திருத்தச் சட்டம் 2022, 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. ஆறு அட்டவணைகள் நான்காயின. பழைய தீர்ப்பில் இருக்கும் அட்டவணை எண்ணை அப்படியே மனுவில் போடுவது ஆபத்து. பிடிபட்ட தேதியில் நடைமுறையில் இருந்த அட்டவணையில் அந்த இனம் எங்கே வருகிறது என்று திறந்து பாருங்கள். 51ஆம் பிரிவின் அபராதமும் ஏறிவிட்டது: பொதுவான குற்றங்களுக்கு உச்சம் 25,000 ரூபாயாக இருந்தது ஒரு லட்சமாகியிருக்கிறது.

மாறாத ஒன்றைத்தான் பலர் மறக்கிறார்கள். 55ஆம் பிரிவின்படி, அதிகாரம் பெற்ற அலுவலரின் புகார் இல்லாமலோ, 60 நாள் நோட்டீஸ் கொடுத்த தனிநபரின் புகார் இல்லாமலோ நீதிமன்றம் இந்தக் குற்றத்தை விசாரணைக்கு எடுக்க முடியாது. மரைன் போலீஸ் பிடித்து, எஃப்.ஐ.ஆர். போட்டு, குற்றப்பத்திரிகையும் தாக்கல் செய்திருந்தால் முதல் கேள்வி அதுதான். வனத்துறை அலுவலர் 50(8)ன் கீழ் பதிவு செய்த சாட்சியம் விசாரணையில் ஏற்கத்தக்கது. ஆனால் குற்றம் சாட்டப்பட்டவரின் முன்னிலையில் பதிவு செய்திருக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, இடம், கையெழுத்தைப் பாருங்கள். ஆள் அப்போது ஜெயிலில் இருந்தாரா, ஆபீஸில் இருந்தாரா என்பதை ரிமாண்ட் தேதியோடு ஒப்பிட்டால் போதும்.

செக் திரும்பிய 138 கேஸ்களுக்கு வருவோம். மீன், இறால், ஐஸ், டீசல் என்று எல்லாமே அட்வான்ஸில் ஓடும் ஊரில் இது தீராத வேலை. 2025 செப்டம்பரில் வந்த சஞ்சபிஜ் தாரி தீர்ப்பு மூன்று விஷயங்களைத் தெளிவாக்கியது. செக் வழக்கில் பி.என்.எஸ்.எஸ். 223 சொல்லும், வழக்கை ஏற்கும் முன் எதிரிக்கு (குற்றம் சாட்டப்பட்டவருக்கு) அனுப்பும் முன்கூட்டிய நோட்டீஸ் தேவையில்லை. 20,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தது வருமான வரிச் சட்டத்துக்கு விரோதம் என்பதால் மட்டும் கடன் செல்லாததாகிவிடாது. கையில் ரொக்கம் கொடுத்துச் செக் வாங்கும் நம் வியாபாரிகளுக்கு இது பெரிய ஆறுதல். மூன்றாவது, சமரசச் செலவு: எதிரி தரப்புச் சாட்சியம் பதிவாவதற்கு முன் செக் தொகையைக் கட்டினால் கூடுதலாக எதுவும் இல்லை; அதற்குப் பிறகு, தீர்ப்புக்கு முன் என்றால் 5 சதவீதம்; செஷன்ஸிலும் உயர் நீதிமன்றத்திலும் 7.5, உச்ச நீதிமன்றத்தில் 10. எதிரிக்கு ஆஜராகும் வக்கீல் இந்தக் கணக்கை முதல் வாய்தாவிலேயே சொல்லிவிடுவது நல்லது.

எந்தக் கோர்ட் என்பதிலும் தவறு நடக்கிறது. பணம் பெற வேண்டியவர் கணக்கு வைத்திருக்கும் கிளையே எல்லையைத் தீர்மானிக்கும். வியாபாரம் கீழக்கரையில், கணக்கு மதுரைக் கிளையில் என்றால் வழக்கு மதுரைக்குத்தான் போகும். செக்கைப் போட்டது கீழக்கரைக் கிளையில் என்பது உதவாது.

விபத்து வழக்குகளில், மோட்டார் வாகனச் சட்டம் 166(3)ன் ஆறு மாதக் கெடுவைக் காட்டி எம்.சி.ஓ.பி. எனும் இழப்பீட்டு மனுவைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டிருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை விபத்துகளில் கெடு தாண்டியது என்று கட்சிக்காரரைத் திருப்பி அனுப்பியிருந்தால் மறுபடி கூப்பிடுங்கள். இடைக்கால உத்தரவை நம்பிப் புதிய விபத்துகளைத் தாமதிக்க மட்டும் வேண்டாம்.

ஏர்வாடி, கீழக்கரை, தொண்டிப் பக்கம் வக்ஃப் சொத்து வழக்கு நடத்துபவர்கள், 2025 ஏப்ரல் 8 முதல் அமலான திருத்தத்தோடு உச்ச நீதிமன்றத்தின் செப்டம்பர் 15 இடைக்கால உத்தரவையும் சேர்த்தே படிக்க வேண்டும். வக்ஃப் செய்பவர் ஐந்து ஆண்டு இஸ்லாமிய மார்க்கத்தைப் பின்பற்றியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. காலவரம்புச் சட்டம் இனி வக்ஃபுக்கும் பொருந்தும் என்ற மாற்றம்தான் அன்றாட வேலையில் கடிக்கப்போவது. முன்பு 107ஆம் பிரிவு கொடுத்திருந்த விலக்கு இப்போது இல்லை. ஆக்கிரமிப்பு எப்போது தொடங்கியது என்பதற்கான வரி ரசீது, மின் இணைப்புத் தேதி, வாடகைப் பதிவேடு ஆகியவற்றை வக்ஃபை நிர்வகிக்கும் முத்தவல்லியிடம் இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள்.