நாலு இன்ஜெக்டரும் போயிட்டு என்று சொன்னால்

"அண்ணாச்சி, நாலு இன்ஜெக்டரும் போயிட்டு. மாத்திருவோம்."

டீசல் கார், அது டிசையரோ, விஸ்டாவோ, இன்னோவாவோ, காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது என்று பட்டறையில் விட்டால் பல இடங்களில் கிடைக்கிற பதில் இது. சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் பாகம்தான் இன்ஜெக்டர். திருப்பி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ரிட்டர்ன் பார்த்தீங்களா?" பார்த்தவர் பாட்டிலைக் காட்டுவார். பார்க்காதவர் தன் அனுபவத்தைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்.

ரிட்டர்ன் டெஸ்ட் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் மிச்ச டீசல் டேங்குக்குத் திரும்பிப் போகும் மெல்லிய ரிட்டர்ன் ட்யூப் இருக்கும். அதைக் கழற்றி, நாலுக்கும் தனித்தனியாக அளவுக்கோடு போட்ட பாட்டிலை மாட்டி, இன்ஜின் சூடான பிறகு சில நிமிடம் ஐடிலில் ஓடவிட வேண்டும். மூன்று பாட்டிலில் டீசல் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்க, ஒன்றில் மட்டும் இரண்டு மூன்று மடங்கு ஏறினால், தேய்ந்தது அந்த ஒன்றுதான். ஸ்டார்ட்டே ஆகாத வண்டியில் செல்ஃப் அடித்தும் பார்க்கலாம். தேய்ந்த இன்ஜெக்டர் வழியாக டீசல் டேங்குக்கே திரும்பி ஓடுவதால் ரயிலில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவாக டீசல் அழுத்தத்தோடு நிற்கும் குழாயில், பிரஷர் ஏறாது. செல்ஃப் அடிக்கும்போது சுமார் 200 பார் (பிரஷரின் அளவு) ஏறினால்தான், இப்படிப் பொதுக் குழாய் உள்ள காமன் ரயில் இன்ஜின்கள் பெரும்பாலும் பற்றும். ஸ்கேனரில் லைவ் டேட்டாவைத் திறந்தால் அந்த எண்ணை நீங்களே பார்க்கலாம்.

ஸ்கேனர் வைத்திருப்பதாலேயே ஒருவரை நம்பிவிட வேண்டாம். பி0087 (P0087) என்று பழுதுக் குறியீடு வந்தால் ரயில் பிரஷர் குறைவு என்று மட்டுமே அர்த்தம். அடைத்த ஃபில்டர், காற்று இழுக்கும் ஹோஸ், தேய்ந்த பம்ப், இன்னோவாவில் பம்பிலேயே இருந்து டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் எஸ்சிவி வால்வு என்று எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம். விலை குறைந்ததிலிருந்து ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வருகிறவர்தான் வேலை தெரிந்தவர். ஸ்டார்ட்டிங் டிரபிள் என்றதும், குளிரில் சிலிண்டரைச் சூடாக்கும் க்ளோ பிளக்கைக் காட்டுகிறவர்களும் உண்டு. நம்மூர் வெயிலுக்கு க்ளோ பிளக் பழுதானாலும் நல்ல காமன் ரயில் இன்ஜின் பெரும்பாலும் பற்றிவிடும். அதனால் இங்கே சந்தேகம் முதலில் டீசல் வரும் வழியில் போக வேண்டும், அடுத்து கம்ப்ரஷனில்.

ஒருவரை உடனே விட்டு விலக ஒரு அடையாளம் சொல்கிறேன். பழைய பம்ப் இன்ஜினில் எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க, ஓடும்போதே இன்ஜெக்டருக்கு வரும் பைப்பின் நிப்பிளை (நட்டை) லூஸ் பண்ணுவார்கள். அந்தக் காலத்து வண்டிக்கு அது சரி. காமன் ரயிலில் அந்தப் பைப்புக்குள் ஐடிலிலேயே 250, 300 பார் நிற்கும், ஆக்சிலேட்டர் கொடுத்தால் 1,600 வரை போகும். அந்தப் பீச்சு தோலைத் துளைத்து உள்ளே இறங்கும், கையே போகலாம். ஓடும் வண்டியில் அங்கே ஸ்பேனர் வைக்கிறவர் எவ்வளவு சீனியராக இருந்தாலும் சாவியைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்ஜெக்டரைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால், டீசல் லேபில் டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி எடுத்த ரிப்போர்ட்டைக் கேளுங்கள். ஐடில், ஃபுல் லோட், ரிட்டர்ன் மூன்றுக்கும் அளவு அதில் இருக்கும். திரும்ப மாட்டும்போது அடியில் புது காப்பர் வாஷர் போட வேண்டும், உட்காரும் இடத்தில் கரி துளியும் இருக்கக் கூடாது. பழைய வாஷரையே தேய்த்துப் போட்டால் கேஸ் கசியும். பழைய இன்னோவா 2.5 இன்ஜினில் இது தனித் தலைவலி. இன்ஜெக்டர் டேப்பட் கவருக்குள் இருப்பதால் கசிகிற கேஸ் ஆயிலோடு கலந்து தாராக மாறி, அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பில் உள்ள ஸ்டிரெய்னரை (சல்லடையை) அடைக்கும். ஆயில் ஏறாமல் கடைசியில் டர்போவும் பேரிங்கும் போகும். சில நூறு ரூபாய் வாஷரில் மிச்சம் பிடிப்பது அங்கே போய் முடியும். புது இன்ஜெக்டர் என்றால் அதன் தலையில் எண்ணும் எழுத்துமாக ஒரு குறியீடு இருக்கும். பெரும்பாலான வண்டிகளில் அதை இசியுவில் (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரில்) ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஐடில் நடுங்கும், புகை வரும்.

புகை விஷயம் சுருக்கமாக: கறுப்பு என்றால் முதலில் டர்போ ஹோஸில் கிழிசல் பாருங்கள், நீலம் ஆயில், வெள்ளை என்றால் எரியாத டீசல் அல்லது கூலன்ட்.

பிஎஸ்6 வண்டிக்காரர்களுக்கு வேறு கவலை. திருநெல்வேலி டவுனுக்கும் ஜங்ஷனுக்கும் இடையிலேயே ஓடினால், புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் சூடேறி தன்னைச் சுத்தம் செய்துகொள்ள வழியில்லை. லைட் எரிந்தால் நாங்குநேரி, வள்ளியூர் பக்கம் நாலு வழிச் சாலையில் 2,000 ஆர்பிஎம்முக்குக் குறையாமல் இருபது நிமிடம் ஓட்டினாலே பெரும்பாலும் அணைந்துவிடும். டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருந்தால் டீசல் கலந்திருக்கிறது, ஆயிலை மாற்ற வேண்டும். "டிபிஎஃப்பை வெட்டி எடுத்துருவோம் அண்ணாச்சி" என்பவரிடம் நிற்காதீர்கள். அது சட்டப்படி தப்பு, லைட் எரிந்த காரணமும் அப்படியே உள்ளே கிடக்கும்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கலாம். தண்ணீரில் நின்ற டீசல் வண்டிக்கு செல்ஃப் அடித்துப் பார்க்கிற மெக்கானிக், சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால், கனெக்டிங் ராடை வளைத்துவிடலாம். க்ளோ பிளக்கையோ இன்ஜெக்டரையோ கழற்றி, இன்ஜினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் பேட்டரி பக்கமே போக வேண்டும்.

புது ஆளிடம் முதலில் பெரிய வேலை கொடுக்காதீர்கள். டீசல் ஃபில்டர் மாற்றச் சொல்லிப் பக்கத்தில் நில்லுங்கள். பழைய ஃபில்டரிலிருந்து டீசலை ஒரு கண்ணாடி டம்ளரில் வடித்துத் தண்ணீர் அடியில் நிற்கிறதா, இரும்புத் தூள் மினுங்குகிறதா என்று பார்த்தால் நல்ல அறிகுறி. தூள் இருந்தால் ஹை பிரஷர் பம்ப் உள்ளே தேய ஆரம்பித்திருக்கிறது. புது ஃபில்டரின் அவுட்லெட் வாயில் கேனிலிருந்து டீசலை ஊற்றினால் தூசி வடிகட்டாமல் நேராக இன்ஜெக்டருக்குப் போகும். ஹேண்ட் பம்ப் இருந்தால் அதை அமுக்கியும், டேங்கில் மோட்டார் இருந்தால் சாவியை மூன்று நான்கு முறை ஆன் செய்தும் காற்றை எடுக்க வேண்டும். சும்மா செல்ஃப் அடித்தே இழுக்கவிட்டால், டீசலையே ஆயிலாக நம்பியிருக்கும் பம்ப் காய்ந்து உரசும்.