நூறாவது ஃபீல்டு வரை

காசநோய்க்கான சளிப் பரிசோதனையில் ஒரு விதி உண்டு. சாயமேற்றிய ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பின் எண்ணெய் லென்ஸுக்கு அடியில் வைத்து 100 ஃபீல்டு பார்த்த பிறகுதான் நெகட்டிவ் என்று எழுத வேண்டும். லென்ஸ் வழியே ஒரே நேரத்தில் தெரியும் வட்டம்தான் ஒரு ஃபீல்டு. நீலப் பின்னணியில் மெல்லிய சிவப்புக் கோடாகக் கிருமி ஏதாவது தென்படுகிறதா என்று தேடிக்கொண்டே போக வேண்டும். பெரும்பாலான ஸ்லைடுகளில் ஒன்றும் இருக்காது. நாற்பதைத் தாண்டும்போதே கண் போதும் என்று சொல்லும். நாற்பதில் நிறுத்தினோமா, நூறு வரை போனோமா என்று பக்கத்தில் நின்று எண்ணுகிறவர் யாரும் இல்லை. மறுபரிசோதனைக்கு எடுத்துப்போவதும் எல்லா ஸ்லைடுகளையும் அல்ல, சிலவற்றை மட்டும்தான்.

நான் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் லேப் டெக்னீஷியனாக வேலை பார்த்து வருகிறேன். யாரும் கவனிக்காத அந்த மீதி அறுபது ஃபீல்டுகளையும் ஒருவரைப் பார்க்க வைப்பது எது என்று அடிக்கடி யோசித்திருக்கிறேன். நாற்பதுக்கும் நூறுக்கும் சம்பளம் ஒன்றுதான். பயம் கொஞ்ச நாள் வேலை செய்யும், அப்புறம் பழகிவிடும். இந்த ஸ்லைடு யாருடையது, நான் எழுதும் முடிவால் அவருக்கு என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள்தான் கடைசிவரை பார்க்கிறார்கள். நான் கண்ட வரையில் அப்படித்தான்.

ஃபீல்டுக்குப் பத்துக்கு மேல் கிருமி தெரிகிற 3+ ஸ்லைடை யாரும் தவறவிட மாட்டார்கள். 100 ஃபீல்டிலும் சேர்த்து 1 முதல் 9 வரை மட்டுமே தெரிந்தால் அதை ஸ்கேன்டி என்று எண்ணிக்கையோடு பதிவோம். சிக்கல் அங்கேதான். எழுபதுக்கு மேல் போனால்தான் கண்ணில் படும் கிருமி, நாற்பதில் எழுந்துவிட்டவருக்கு இல்லாத கிருமி. அந்த நோயாளி நெகட்டிவ் சீட்டோடு வீட்டுக்குப் போய், பிள்ளைகள் படுத்திருக்கும் அதே அறையில் இருமிக்கொண்டிருப்பார்.

நான் முதலில் இருந்த நிலையத்தில், ரிசல்ட் சீட்டை ஜன்னல் வழியாக நீட்டினால் வேலை முடிந்தது. பெயர், வயது, லேப் நம்பர், அவ்வளவுதான் தெரியும். பிறகு மாற்றலாகிப் போன இடத்தில் சிகிச்சை மேற்பார்வையாளர் வேறு மாதிரி ஆள். ஊருக்குள் போய் நோயாளிகளைப் பார்த்துவிட்டு வந்தால், வண்டியை நிறுத்தியதும் நேரே லேபுக்கு வருவார். "மேடம், போன மாசம் 2+ போட்டீங்களே, சூளையில வேலை செய்யறவர், எடை கூடியிருக்காரு. மாத்திரையை விடாம சாப்பிடுறாரு" என்பார். சில நாள் வேறு மாதிரியும் சொல்வார், மருந்தைப் பாதியில் விட்டவர்களைப் பற்றி. இரண்டுமே எனக்குத் தேவைப்பட்டன.

அதற்குப் பிறகு பதிவேட்டை நான் படிக்கும் விதமே மாறியது. மருந்து தொடங்கி இரண்டு மாதம் ஆனதும் ஒரு சளி வரும், ஆறு மாதத்தில் சிகிச்சை முடியும்போது இன்னொன்று வரும். நானே 3+ என்று எழுதிய பெயர், சில பக்கங்கள் தள்ளி நெகட்டிவ் என்று வரும்போது நிஜமாகவே சந்தோஷமாக இருக்கும். அந்த நெகட்டிவை எழுதும் முன் 100 ஃபீல்டும் பார்க்க யாரும் என்னிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சளி டப்பாவைக் கொடுப்பதும் மாறிப்போனது. எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் எந்த ஸ்லைடும் உதவாது. அதனால் வெளியே வந்து, ஆழமாக மூச்சை இழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எப்படிச் சளியை எடுப்பது என்று நானே காட்ட ஆரம்பித்தேன். கூட்டமான நாளிலும் அதை விடுவதில்லை.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், முன்னாள் மாணவர்களுக்குப் போன் செய்து நன்கொடை கேட்கும் பணியாளர்களை வைத்து ஆடம் கிராண்டும் அவருடைய சகாக்களும் செய்த ஆய்வு 2007-ல் வெளிவந்தது. அந்த நன்கொடையால் படிக்க முடிந்த ஒரு மாணவரைச் சிலர் சில நிமிடங்கள் நேரில் சந்தித்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், அவர்கள் போனில் பேசிய நேரமும் திரட்டிய பணமும் இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தன. மாணவரின் கடிதத்தை மட்டும் படித்தவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. இதைப் படித்தபோது வண்டியை நிறுத்திவிட்டு லேபுக்கு வரும் அந்த மேற்பார்வையாளரைத்தான் நினைத்துக்கொண்டேன். சுவரில் ஒட்டும் போஸ்டரால் ஆகாத வேலை அது.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட முடியாது. வேலையின் அருமை தெரிந்தவருக்கு வலியும் கூடுதல். சாயம் தீர்ந்து வர வேண்டியது வராத நாளில், அக்கறையில்லாதவர் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார். மற்றவருக்குத்தான், தூர ஊரிலிருந்து பஸ் ஏறி வந்தவரைத் திருப்பி அனுப்புவது அன்று முழுக்க உறுத்தும். தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள் சம்பளம் தாமதமாகிறது என்று கேட்டால், "இது உயிர் காக்கும் வேலைம்மா, புண்ணியம்" என்று பதில் வருவதையும் கேட்டிருக்கிறேன். உயிர் காக்கும் வேலைதான். அதனால்தான் சம்பளம் நாள் தவறாமல் வர வேண்டும். வேலையை நேசிப்பவர் எளிதில் விட்டுவிட்டுப் போக மாட்டார் என்ற தைரியத்தில் அவரைச் சுரண்டுவது பெரிய அநியாயம்.

இப்போது நோயைக் கண்டறிய மூலக்கூறு பரிசோதனைக் கருவிகள் வந்துவிட்டன. அவற்றில் ஒன்றான சிபிநாட் இரண்டு மணி நேரத்தில் முடிவு சொல்லி, ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் காட்டிவிடும். "அப்ப நாம எதுக்குக்கா?" என்று புதிதாகச் சேர்ந்த பெண் கேட்டாள். செத்த கிருமியின் டிஎன்ஏவையும் அந்தக் கருவி காட்டிவிடும், அதனால் மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க ஸ்லைடு இன்னும் தேவை என்று சொன்னேன். 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆய்வைப் பற்றியும் சொன்னேன். வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டவர்களும், சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் படுத்திருந்தவர்களுக்கு இணையாகக் குணமாவதை அது காட்டியது. உலகெங்கும் சிகிச்சை முறை மாற அது காரணமாயிற்று. யார் குணமானார்கள் என்று ஆய்வாளர்களுக்குச் சொன்னது லேபில் பார்த்த சளிதான். பிறகு பழைய பதிவேடுகளை எடுத்து அவள் முன் வைத்து, ஒரே பெயரை மூன்று இடத்தில் தேடச் சொன்னேன்.

மாதாந்திரக் கூட்டத்தில் லேப் ஆட்களும் உட்கார்ந்து, தாங்கள் கண்டுபிடித்த நோயாளிகள் என்ன ஆனார்கள் என்று கேட்க வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. எங்கள் வட்டாரத்தில் அதற்கு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். தொகுப்பூதியக்காரர்களுக்குக் கூட்டத்துக்கு வந்துபோகும் செலவு இன்னும் கிடைக்கவில்லை. அதையும் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.