கிணற்றடி மண்புழுவும் எங்கள் அக்சலோட்டலும்

கிளிநொச்சியில் அக்சலோட்டல் வளர்ப்பதென்றால் முதலில் வெயிலோடு மல்லுக்கட்ட வேண்டும். மெக்சிக்கோவின் சொச்சிமில்கோ நீர்நிலையைச் சேர்ந்த உயிர் அது; தவளைக்கு உறவான, வாலுள்ள, தண்ணீருக்குள்ளேயே வாழும் சலமந்தர் வகை. 16 முதல் 18 பாகை வரை குளிர்ந்த தண்ணீர் கேட்கும். 24ஐத் தாண்டினால் சோர்ந்துவிடும். தொட்டியை ரெஜிபோம் பெட்டிக்குள் வைத்து, ஐஸ் போத்தலை ஒரு நாளைக்கு நாலு தரம் மாற்றி, ஃபானும் போட்டு 20க்குக் கொண்டுவந்துவிட்டோம். சரி, அது தனிக்கதை. இந்த இரண்டு மாதமும் என்னை அலைய வைத்தது அதன் சாப்பாடுதான்.

முதல் கிழமையே பக்கத்து வீட்டுப் பொடியள் வாய்க்காலில் பிடித்த திலாப்பியாக் குஞ்சுகளை வாளியோடு கொண்டுவந்தார்கள். ஆசையாகக் கொண்டுவந்ததை வேண்டாம் என்று சொல்லக் கஷ்டமாக இருந்தது. ஆனால் அக்சலோட்டல் மென்று தின்னாது. தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சி முழுசாக விழுங்கும். திலாப்பியாவின் முதுகு முள் தொண்டையில் குத்தினால் போச்சு. வயல் வாய்க்காலில் அடித்த மருந்தும் கலந்திருக்கும். வாற்பேத்தையையும் அன்றே விலக்கினேன்: தேரைக் குஞ்சில் நஞ்சுண்டு, தவளைகளின் தோல் பூஞ்சை நோயையும் காவி வரலாம். நுளம்புக் குடம்பியை இது விரும்பித் தின்னும்தான், ஆனால் டெங்கு உள்ள நாட்டில் அதை வீட்டில் வளர விடக் கூடாது.

அப்புறம் உரக்குவியலில் இருந்து சிவப்பு மண்புழு எடுத்துப் போட்டேன். ஒரே இழுப்பில் வாய்க்குள் போனது. அடுத்த நொடி தலையை உதறி வெளியே தள்ளியது. "அப்பா, துப்பிப்போட்டுது!" என்றாள் மகள். புழுவைக் கையில் எடுத்தபோது விரலில் மஞ்சள் நீர் ஒட்டியது, மணமும் கெட்டது. அந்த இனம் பயந்தால் கசப்பு நீர் விடும். மூன்று நாள் முயன்று விட்டுவிட்டேன்.

தேடியது கிணற்றடி வாழைக்குக் கீழேயே இருந்தது. அங்கே உரமோ மருந்தோ போட்டதில்லை. ஆனாலும் சவர்க்காரத் தண்ணீர் ஓடும் பக்கத்தை விட்டு மற்றப் பக்கத்தில்தான் கிண்டுகிறேன். எடுத்த புழுவைக் கழுவி, ஈரக் கடதாசி போட்ட பேணியில் இரண்டு நாள் வைத்தால் வயிற்று மண் கழிந்துவிடும். அக்சலோட்டலின் இரு கண்களுக்கும் இடைப்பட்ட அகலத்தை விடத் தடித்த புழுவை வெட்டித்தான் கொடுப்பேன். விளக்கை அணைத்து, புழுவை இடுக்கியால் மூக்கருகே மெல்ல ஆட்டினால் செவுள் இழைகள் ஒருதரம் சிலிர்க்கும். பிறகு "டப்" என்று புழு மறைந்துவிடும். மீதி கிடந்தால் உடனே எடுத்துவிடுகிறேன், எங்கள் சூட்டில் தண்ணீர் கெட அதிக நேரம் எடுக்காது.

இப்போது இது 15 சென்ரிமீற்றர் நீளம், ஒன்றுவிட்ட ஒருநாள் இரண்டு புழு. கோடையில் மண் காய்ந்தால் புழு ஆழத்துக்குப் போய்விடும். அதற்காக இந்தக் கிழமை பழைய மரப்பெட்டியில் வாழைமடலும் ஆறிய மாட்டெருவும் போட்டு, அதே கிணற்றடிப் புழு நாற்பதை விட்டிருக்கிறேன். பெட்டிக்கு மேல் ஈரச்சாக்கைப் போடுவது மகளின் பொறுப்பு.