எந்தப் பக்கத்தைக் காட்ட வேண்டும் என்று கூகுளுக்கு நாம்தான் சொல்ல வேண்டும்: ஒரு பண்ருட்டி முந்திரிக் கடை அனுபவம்

பண்ருட்டியில் முந்திரி வியாபாரம் செய்யும் எங்கள் மாமாவின் இணையதளத்தை இப்போது கடலூரிலிருந்து நான்தான் பார்த்துக்கொள்கிறேன். தேடினால் தளம் கண்ணிலேயே படவில்லை என்பது அவருடைய நெடுநாள் குறை. தளத்தைச் செய்துகொடுத்தவர்களிடம் கேட்டதற்கு, "டூப்ளிகேட் கன்டென்ட் சார், கூகுள் பெனால்டி போட்டிருக்கு, எடுக்கத் தனி சார்ஜ்" என்றார்கள். அதாவது ஒரே எழுத்து பல பக்கங்களில் இருப்பதால் கூகுள் தண்டித்திருக்கிறதாம். மாமாவும் பணம் கட்டத் தயாராகிவிட்டார். இதே நிலையில் இருக்கும் மற்ற கடைக்காரர்களும் பணத்தைக் கொட்டிவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

அப்படி ஒரு பெனால்டி கிடையாது. 2008லேயே கூகுள் இதை விளக்கிவிட்டது. அடுத்தவர் எழுத்தை அள்ளிப் போட்டு ஏமாற்றப் பார்க்கும் தளங்கள் மீதுதான் நடவடிக்கை. மற்றபடி ஒரே விஷயம் பல முகவரிகளில் இருந்தால், அவற்றை ஒரு கூட்டமாகச் சேர்த்து, அதில் ஒன்றை முதன்மைப் பக்கமாக எடுத்துக்கொண்டு மீதியைத் தேடலில் காட்டாமல் விடுகிறது, அவ்வளவுதான். ஆனால் அது எடுக்கிற பக்கமும் நமக்கு வேண்டிய பக்கமும் ஒன்றாக இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அடி விழுவது அங்கேதான்.

தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில், எந்தெந்தப் பக்கங்களைக் கூகுள் சேர்த்து வைத்திருக்கிறது என்று காட்டும் இண்டெக்ஸ் அறிக்கையைத் திறந்தேன். டபிள்யூ 320 என்ற ரகப் பருப்புக்கு மட்டும் எத்தனை முகவரி! எச்டிடிபியில் ஒன்று, எச்டிடிபிஎஸ்ஸில் ஒன்று, முன்னால் டபிள்யூ டபிள்யூ டபிள்யூ இருந்து ஒன்று, இல்லாமல் ஒன்று, விலைப்படி அடுக்கினால் கேள்விக்குறியோடு இன்னொன்று, அப்புறம் கால் கிலோ, அரை கிலோ, ஒரு கிலோ பாக்கெட்டுக்குத் தனித்தனிப் பக்கம். கூகுள் பிடித்து வைத்திருந்தது கால் கிலோ பாக்கெட்டின் கேள்விக்குறி ஒட்டிய பக்கத்தை. டின் கணக்கில் வாங்க நினைத்து வருகிறவர் அங்கே வந்து இறங்கினால் அப்படியே திரும்பிப் போய்விடுவார்.

முதலில் பழைய முகவரிக்கு வருகிறவரை நிரந்தரமாகச் சரியான முகவரிக்குத் திருப்பிவிடும் 301 ரீடைரக்ட் போட்டு, எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தேன். பாக்கெட் அளவுகளை ஒரே பக்கத்தில் தேர்வாக வைத்தேன். தவிர்க்க முடியாத கேள்விக்குறி முகவரிகளில் இதுதான் முதன்மைப் பக்கம் என்று கூகுளுக்குக் காட்டும் கேனானிக்கல் வரியைப் பக்கத்தின் நிரலில் சேர்த்தேன். இது 2009ல் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து ஏற்றுக்கொண்ட ஏற்பாடு. ஆனால் அதை ஒரு குறிப்பாகத்தான் கூகுள் எடுத்துக்கொள்ளும், கட்டளையாக அல்ல. அதனால் தளத்தின் பக்கப் பட்டியலான சைட்மேப்பிலும், தளத்துக்குள் ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் இணைப்புகளிலும் அதே முகவரிதான் இருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்ய வேண்டும். டூப்ளிகேட்டை, எதைப் படிக்கக் கூடாது என்று தேடுபொறிக்குச் சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் தடுத்துவிடு என்று நண்பர் ஒருவர் சொன்னார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தடுத்துவிட்டால் பக்கத்தைக் கூகுளால் படிக்கவே முடியாது, உள்ளே இருக்கும் கேனானிக்கல் வரி அதன் கண்ணில் எப்படிப் படும்?

இதெல்லாம் தொழில்நுட்ப வேலை, உட்கார்ந்தால் முடிந்துவிடும். உண்மையான வேலை எழுத்தில் இருந்தது. டபிள்யூ 180, 240, 320 மூன்றுக்கும் ஒரே பத்தி, எண் மட்டும் மாறியிருந்தது. மூன்றும் வேறு வேறு சரக்கு, கேனானிக்கல் போட்டு ஒன்றாக்க முடியாது. மாமாவைக் குடோனில் பிடித்து உட்காரவைத்துப் பேசச் சொன்னேன். ஒரு பவுண்டு, அதாவது 454 கிராம் எடையில் 300 முதல் 320 பருப்பு நின்றால் அது 320 ரகம், 220 முதல் 240 நின்றால் 240 ரகம், எண் குறையக் குறையப் பருப்பு பெரிது என்று தராசில் கொட்டியே காட்டினார். எது பரிசுப் பெட்டிக்குப் போகும், எது ஸ்வீட் கடைக்குப் போகும், குருமாவுக்கு அரைக்க உடைந்த பருப்பே போதும் என்பதையும் அவர் வாயாலேயே கேட்டு எழுதினேன். வேறு எந்தக் கடையின் பக்கத்திலும் இது கிடையாது.

இன்னொன்று, எங்கள் பழைய பத்தியிலிருந்து ஒரு வரியை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடியபோது மேலே வந்தது எங்கள் சரக்கையும் விற்கும் ஒரு பெரிய ஷாப்பிங் தளம். அவர்களுக்கும் அதே பத்திதான் போயிருந்தது. இப்போது அங்கே சுருக்கமான வேறு விவரம்தான்.

பலன் உடனே தெரியாது, கூகுள் ஒவ்வொரு பக்கத்தையும் மறுபடி வந்து படிக்க வேண்டும். சர்ச் கன்சோலில் ஒரு முகவரியைக் கொடுத்தால் நாம் சொன்ன கேனானிக்கல் எது, கூகுள் தேர்ந்தெடுத்தது எது என்று அடுத்தடுத்துக் காட்டும். 320 பக்கத்துக்கு இப்போது இரண்டும் ஒன்றுதான். ‘பண்ருட்டி முந்திரி’ என்று மொட்டையாகத் தேடினால் இன்னும் முதல் பக்கத்துக்கு வரவில்லை, ரகத்தைச் சொல்லித் தேடினால் வருகிறோம், மொத்த விலை கேட்டு அழைப்பும் வருகிறது.

அதே பக்கங்களைத் தமிழிலும் போட்டால் அதுவும் டூப்ளிகேட் ஆகிவிடுமே என்று மாமா தயங்கினார். ஆகாது, சரியாக மொழிபெயர்த்த பக்கத்தைக் கூகுள் டூப்ளிகேட்டாகக் கருதுவதில்லை. ஆங்கிலத்தில் மட்டும் இருந்த ரகப் பக்கங்களை இப்போது தமிழிலும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.