ஒன்பது சதவீதம்

வேலூரில் ஓர் ஆய்விதழ் அலுவலகத்தில் வேலை பார்த்தபோது, வரும் கட்டுரைகளை முதலில் திறந்து பார்ப்பது நான்தான். ஐதென்டிகேட் மென்பொருளில் ஏற்றினால், ஏற்கெனவே வெளிவந்தவற்றோடு ஒத்துப்போகும் வரிகளுக்கெல்லாம் வண்ணம் பூசி, மேலே ஒரு சதவீதமும் போட்டுக் கொடுத்துவிடும். ஆரம்பத்தில் அந்த எண்ணைத் தாண்டி நான் எதையும் பார்த்ததில்லை.

நான் மட்டுமல்ல, எல்லாருமே அப்படித்தான். பிறர் எழுத்தைத் திருடுவதைத் தடுக்க 2018-இல் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) கொண்டுவந்த விதிகளில், இப்படி ஒத்துப்போவது 10 சதவீதம் வரை தண்டனை கிடையாது. அதற்கு மேல் 40 வரை, 60 வரை என்று படி ஏறும். ஆய்வேட்டில் 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. இதனால் 10 என்பது பாஸ் மார்க் மாதிரி ஆகிவிட்டது. போனை எடுத்தாலே, "மேடம், எவ்ளோ வந்திருக்கு?" என்பார்கள்.

ஒருமுறை ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிற்சாலைகளைச் சுற்றியுள்ள கிணறுகளில் குரோமியம் எவ்வளவு என்று ஒரு கட்டுரை வந்தது. 9 சதவீதம். உடனே மதிப்பீட்டுக்கு அனுப்பிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து மதிப்பீட்டாளரிடமிருந்து பதில்: "இது என் பழைய மாணவி எடுத்த அளவுகள்." கூடவே அவளுடைய எம்.ஃபில். ஆய்வேட்டின் பக்கங்களை ஸ்கேன் செய்து இணைத்திருந்தார். இரண்டு அட்டவணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே 18 கிணறுகள், அதே வரிசை, தசமப் புள்ளிக்குப் பின்னாலும் அதே எண்கள். ஒரு கிணற்றின் பெயரில் அவள் விட்டிருந்த தட்டச்சுப் பிழைகூட அப்படியே வந்திருந்தது.

துறை அலமாரியில் தூங்கும் ஆய்வேடு மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? பத்திகளையும் மாற்றி எழுதியிருந்தார்கள். மறுபடி படித்தபோதுதான் 'ஹெவி மெட்டல்ஸ்' (கன உலோகங்கள்) எல்லா இடத்திலும் 'சப்ஸ்டான்ஷியல் மெட்டல்ஸ்' (கணிசமான உலோகங்கள்) ஆகியிருந்தது கண்ணில் பட்டது. சொல் மாற்றித் தரும் கருவிகளின் கைவரிசை இது. 'ப்ரெஸ்ட் கேன்சர்' அவற்றின் கையில் 'பூசம் பெரில்' (bosom peril, அதாவது மார்பு ஆபத்து) ஆன கதையையெல்லாம் கியோம் கபனாக் என்ற பிரெஞ்சு ஆய்வாளரும் உடன் இருவரும் 2021-இல் தொகுத்துக் காட்டினார்கள். முதல் பக்கத்தையாவது நான் ஒழுங்காகப் படித்திருந்தால் அன்றே நிறுத்தியிருக்கலாம்.

கோபத்தில் 'திருட்டு' என்று கடிதம் தட்டினேன். ஆசிரியர் அந்தச் சொல்லை அடித்துவிட்டார். ஆய்விதழ்களுக்கு நெறிமுறை வகுக்கும் கோப் (COPE) அமைப்பின் வழிமுறையும் அதுதான்: ஆதாரத்தை வைத்து முதலில் எழுதியவரிடம் விளக்கம் கேள், பதில் சரியில்லை என்றால் அவருடைய நிறுவனத்துக்கு எழுது. கடிதம் போன மறுநாளே கட்டுரையை அனுப்பிய பையன் போனில் வந்தான். "மேடம், வார்த்தை எல்லாம் மாத்திட்டேனே, அப்புறம் எப்படி?" நடிப்பாகத் தெரியவில்லை. கைடு பழைய அட்டவணையைக் கொடுத்து, 'பத்துக்குக் கீழ கொண்டு வா' என்று சொல்லியிருக்கிறார். எண்களையும் திருடலாம் என்று அவனுக்கு யாரும் சொன்னதே இல்லை.

கட்டுரையை நிராகரித்தோம். கல்லூரிக்கும் எழுதினோம். நான்கு மாதம் கழித்து ஒற்றை வரியில் பதில் வந்தது: "உரியவருக்கு அறிவுரை வழங்கப்பட்டது." உரியவர் பையனா கைடா என்று அதில் இல்லை.

அதற்குப் பிறகு, வரும் கட்டுரைக்கெல்லாம் சில கேள்விகளை அனுப்ப ஆரம்பித்தேன். மாதிரி எடுத்த தேதி என்ன, எந்த லேபில் பார்த்தது, மூலக் குறிப்பேடு யாரிடம் இருக்கிறது? சிலர் சலித்துக்கொண்டார்கள். ஒருவர் பதிலே சொல்லாமல் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

அந்த மாணவி குடியாத்தம் பக்கம் பள்ளியில் ஆசிரியையாக இருப்பதாக மதிப்பீட்டாளர் சொன்னார். அவளையே எழுதச் சொல்லி அவர் மூலம் கேட்டுப் பார்த்தோம். ஸ்கூல் பரீட்சை முடியட்டும் என்றாளாம். நான் அந்த வேலையை விட்டு வரும்வரை அவளிடமிருந்து கட்டுரை வரவில்லை.