கத்தரிக்காயின் இடது ஓரம்

நவம்பர் 4
எதிர்வீட்டு வெள்ளைச் சுவரில் வெயில் படுவது நாலு மணிக்கு. அரை மணி நேரம் அந்த வெளிச்சம் நம் சமையலறை ஜன்னல் வழியே வரும். பலகைமேல் கத்தரிக்காய், பின்னால் அப்பாவின் வக்கீல் கவுன். கேமரா கவுனைச் சாம்பலாக்கிவிட்டது. எதைக் காட்டினாலும் நடுச்சாம்பலுக்குத்தான் இழுக்கும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் வெளிச்சத்தின் அளவை, மைனஸ் 1.7க்குக் குறைத்தேன். கவுன் கறுத்தது. கூடவே காயின் இடது ஓரமும் இருட்டில் போய்விட்டது.

நவம்பர் 5
ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரவில்லை.

நவம்பர் 6
ஓரத்தை மீட்க இடப்பக்கம் தெர்மாகோல் வைத்தேன். ஓரம் வந்தது, ஆனால் நிழல் மொத்தமும் வெளுத்து, காய் சப்பையாகிவிட்டது. எடுத்துவிட்டேன். நிழலைக் காப்பாற்ற வேண்டும், ஓரமும் வேண்டும்.

அப்புறம் காயை ஜன்னலுக்கு ஒரு அடியில் வைத்து, கவுனை நாலடி பின்னால் தள்ளினேன். ஜன்னலை விட்டு விலக விலக வெளிச்சம் சட்டென்று மெலிந்துவிடுகிறது. துணி தானாகவே இருண்டது.

"வாடுதுடா, நறுக்கிடட்டுமா?" என்றாள் அம்மா. இன்னும் ரெண்டு நாள் கேட்டேன். சரி என்றாள். அவள் சாப்பிட்டது இன்றும் அரை இட்லிதான்.

நவம்பர் 7
மழை. எல்லாமே ஒரே சாம்பல். கேமராவைத் தொடவில்லை.

அமெரிக்கப் புகைப்படக்காரர் எட்வர்ட் வெஸ்டனின் குடைமிளகாய்ப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். 1930. மிளகாயை ஒரு தகரப் புனலுக்குள் வைத்து எடுத்தது. புனலின் வளைந்த சுவர் வெளிச்சத்தைச் சுற்றிலும் திருப்பி அனுப்புகிறது. பின்னணி அவ்வளவு இருட்டு, ஆனாலும் மிளகாயின் விளிம்பு அதில் கரைந்துபோவதில்லை. எத்தனை தடவை பார்த்திருக்கிறேன், இது இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

ராத்திரி அம்மா அறையில் சின்ன விளக்கு மட்டும். சுவர்ப்பக்கம் இருந்த கன்னம் தெரியவே இல்லை. எழுந்து டியூப்லைட்டைப் போட்டேன். "ஏண்டா?" என்றாள். கொசு என்றேன்.

நவம்பர் 8
வானம் விட்டது. 4.10.

அம்மாவின் எவர்சில்வர் தட்டை இடப்பக்கம், சற்றுப் பின்னால் சாய்த்து நிறுத்தினேன். நிழல் அப்படியே இருக்க, ஓரத்தில் மட்டும் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு ஓடியது. தட்டை விரலளவு திருப்பினால் கோடு அறுந்துவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்பினேன்.

ஒரு புள்ளியின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரைக் காயின் தோளில் இருந்த மினுக்கத்தில் வைத்து, அது வெந்து வெள்ளையாகாத அளவுக்கு எக்ஸ்போஷரை நிறுத்தினேன். பெரிதாக்கிப் பார்த்தால் அந்த மினுக்கத்துக்குள் ஜன்னல் கம்பி நாலும் தெரிகிறது. காம்பில் ஒரே ஒரு முள், அதன் நிழல் முள்ளைவிட நீளம். தோலில் மெல்லிய சுருக்கம் விழத் தொடங்கியிருக்கிறது. பக்கவாட்டு வெளிச்சம் அதையும் விடவில்லை.

அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்து, "இது எங்கேருந்து வந்தது?" என்று கேட்டாள்.

நவம்பர் 9
காலையில் போன். நேரில் வரச் சொல்கிறார்கள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு. நாளைக்கு, நாலு மணிக்கு.

கத்தரிக்காயை நறுக்கிக் கொடுத்தேன். உள்ளே வெள்ளையாகத்தான் இருந்தது. அம்மாவே நின்று வதக்கினாள்.